இன்னொரு கால் சுற்று

சுற்றுகிறது. இறுகவில்லை, சும்மா சுற்றுகிறது. ஸ்பேனரை ஒரு விரலால் தள்ளினாலே போதும், போல்ட் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, எங்கேயும் போய்ச் சேருகிற உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. வேறு யார் வண்டியிலாவது இப்படி ஒரு போல்ட்டைப் பார்த்திருந்தால், எந்த மடையன் முறுக்கினது என்று கேட்டிருப்பேன். கேட்டிருக்கிறேன், நிறையப் பேரை. இருபத்தாறு வருஷமாக பம்ப் கம்பெனியில் அசெம்பிளி மேசை முன்னால் நிற்கிறவனுக்கு மற்றவன் முறுக்கினதைக் குறை சொல்வதுதான் பாதி வேலை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்றே கால், வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, அதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னால் நிற்பது துளசிமணியின் சைக்கிள். லேடீஸ் சைக்கிள்தான், ஆனால் கேரியர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் தகடு, தகட்டின் மேல் வயலுக்கு மருந்தடிக்கிற பம்ப்பிலிருந்து கழற்றின சின்ன எஞ்சின், அதிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு செயின். நான் செய்தது. தகட்டுக்கு அடியிலிருந்து மேலே ஏறி எஞ்சினின் அலுமினிய அடிப்பாகத்துக்குள் போகிற நான்கு போல்ட்டுகள்தான் அதை அங்கே உட்கார வைத்திருக்கின்றன. நான்கில் ஒன்றுக்கு மரை போய்விட்டது. போல்ட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். போல்ட்டின் மரை நன்றாகத்தான் இருக்கிறது, அது எஃகு, அதற்கென்ன கேடு. அதன் பள்ளங்களில் அலுமினியம் மெல்லிய சுருளாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது, முறுக்கு அச்சில் ஒட்டிக்கொண்ட மாவு மாதிரி. நகத்தால் எடுத்தால் உதிர்கிறது. அது எஞ்சினுக்குள் இருக்கவேண்டிய மரை. இனி உள்ளே வழுவழுவென்று ஒரு வெறும் ஓட்டைதான் இருக்கும்.

இதைச் சரி பண்ணுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஆறு எம்.எம். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, எட்டு எம்.எம்.முக்குப் புதிதாக மரை போட்டு, தடித்த போல்ட்டாக மாட்டினால் முன்பைவிடப் பலமாக நிற்கும். தகட்டின் ஓட்டையையும் அதற்கேற்ப அரத்தால் ராவிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ட்ரில் இருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி மரை வெட்டுகிற டேப் மூன்றும் நேற்று வாங்கியாகிவிட்டது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். நான் தூக்கத்தில் செய்வேன், செய்திருக்கிறேன் என்றே சொல்லலாம், இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த நாட்களில். ஆனால் இன்றைக்குப் பத்து மணியிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். துளசிமணி உள்ளே படுத்திருக்கிறாள், தூங்குகிறாளோ என்னவோ, ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. அவளுக்கு ஞாயிறு மட்டும்தான் மதியத்தில் கண்ணை மூட முடியும். மற்ற நாளெல்லாம் விடிவதற்கு முன் நாலரைக்கு இந்த வண்டியில் ஏறி, ரயில்வே மேம்பாலத்தைத் தாண்டி, வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற ஹாஸ்டலுக்குச் சமைக்கப் போகிறாள். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. முழங்கால் போனதிலிருந்து மேம்பாலத்தில் சைக்கிளை மிதிக்க முடியவில்லை. ஸ்கூட்டர் என்றால் பயம், ஒரு தடவை விழுந்திருக்கிறாள், சைக்கிள் என்றால் மட்டும் தைரியம். அதனால்தான் எஞ்சின் வைத்துக் கொடுத்தேன். போன வியாழக்கிழமை மேம்பாலத்து இறக்கத்தில் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, செயின் தெறித்து, பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் பால் வண்டி ஒன்று வந்திருக்கிறது. அது ஒதுங்கிப் போய்விட்டது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று. என்னிடம் வந்து, செயின் கழண்டுருச்சுங்க என்றாள், அவ்வளவுதான். பால் வண்டியைப் பற்றிச் சொன்னது அவள் இல்லை, மேம்பாலத்துக்கு எதிரே பேப்பர் கட்டு பிரித்துக்கொண்டிருந்தவர். வெள்ளியும் சனியும் அந்த முழங்காலோடு நடந்தே போனாள். இரண்டு நாளும் பெண்கள் டிபன் இல்லாமல் வேலைக்குப் போனார்களாம், திங்கட்கிழமையும் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வார்டன் சொல்லிவிட்டார்களாம். நாளைக்குத்தான் திங்கட்கிழமை. நாளை நாலரைக்கு அவள் இந்த எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அதே இறக்கத்தில் இறங்கப் போகிறாள்.

கை. கையைப் பற்றி நினைக்கவேண்டாம் என்றுதான் பத்து மணியிலிருந்து வேறு என்னென்னவோ நினைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு டிவியில் ஏதோ பட்டிமன்றம், யாரோ சிரிக்கிறார்கள், கூட்டமாகக் கை தட்டுகிறார்கள். வலது கை மடியில் கிடக்கிறது. கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் உரசிக்கொண்டே இருக்கிறது, திருநீறு எடுக்கப் போவதுபோல. நான் சொல்லி அது செய்யவில்லை. நிறுத்து என்றால் ஒரு நொடி நிற்கிறது, பிறகு நான் பார்க்காத நேரம் பார்த்து மறுபடி ஆரம்பிக்கிறது. கார்த்திகையில்தான் முதலில் பார்த்தேன். டீ டம்ளரை மேசையில் வைத்த பிறகும் விரல் ஆடிக்கொண்டிருந்தது, குளிர் என்று நினைத்தேன், கோயம்புத்தூரில் கார்த்திகைக் குளிர் என்று அதற்கு ஒரு பேர் வைத்தேன். பிறகு வேலையட்டையில் போடுகிற கையெழுத்து சிறுத்தது. சென்னியப்பன் என்று எழுத ஆரம்பித்தால் பாதிக்குமேல் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. போனது எதுவென்றால், முறுக்குகிற அளவு. ஒரு போல்ட்டை இறுக்கும்போது ஓர் இடத்தில் போதும் என்று தெரியும். யாரும் சொல்லித் தருவதில்லை, உள்ளங்கைக்கே தெரியும், அதற்குமேல் போனால் எங்கோ உடைகிறது, அதற்கு முன்னால் நிறுத்தினால் கழன்றுவிடும். கம்பெனியில் அந்த அளவைச் சோதிக்க ஒரு ஸ்பேனர் உண்டு, அளவு வந்ததும் டிக்கென்று சத்தம் போடும். நான் வெறுங்கையால் இறுக்கினதை சூப்பர்வைசர் அந்த ஸ்பேனரை வைத்துப் பார்ப்பார், டிக்கென்னும். ஒவ்வொரு தடவையும். புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வேடிக்கை காட்டுவார்கள். மூன்று மாதமாக நானே அந்த ஸ்பேனரைத்தான் பிடிக்கிறேன். ஏனுங்கண்ணா, நீங்களுமா கம்பெனி ரூல்ஸுக்கு மாறிட்டீங்க என்று பக்கத்து மேசை மகுடீஸ்வரன் சிரித்தான். வயசாச்சுல்ல, இனிமேலாவது ஒழுங்கா இருக்கலாம்னு என்றேன். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். உண்மை என்னவென்றால் என் உள்ளங்கை ஊமையாகிவிட்டது. போதும் என்று அது சொல்வதே இல்லை. சொல்லாததால் இன்னொரு கால் சுற்று, எதற்கும் இருக்கட்டும் என்று அதற்குமேல் ஒரு கால் சுற்று. கம்பெனி ஸ்பேனர் பெட்டியோடு அங்கே பூட்டில் இருக்கிறது. வீட்டில் நான்தான் இருக்கிறேன். அப்படியென்றால் அந்த மடையன் நான்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

இருக்கிறது, அதுதான் தொல்லை. எஞ்சினைக் கழற்றுவதற்காக மற்ற மூன்று போல்ட்டுகளைத் துடைத்தபோது ஒன்றைப் பார்த்தேன். கம்பெனியில் ஒரு வழக்கம், போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் ஒரே கோடாக மஞ்சள் பெயிண்டை இழுத்துவிடுவோம். பிறகு யார் வந்து பார்த்தாலும் கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். போன ஞாயிறு என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாமல், ஃபேன்சி ஸ்டோரில் போய் ஒரு நகப்பாலிஷ் வாங்கிக்கொண்டு வந்து, நான்கு போல்ட்டுக்கும் சிவப்பாகக் கோடு இழுத்தேன். அரை மணி நேரம் ஆயிற்று, நாலு கோடு போட. இன்றைக்குப் பார்த்தால் கோடு உடைந்திருக்கிறது. மூன்றிலும். தலையில் இருக்கிற பாதி நகர்ந்து போயிருக்கிறது, தகட்டில் இருக்கிற பாதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகர்ந்திருந்தால் என்ன, எஞ்சின் அதிர்கிறது, போல்ட் கழன்று வருகிறது, அதற்காகத்தானே கோடே போட்டது. ஆனால் கழல்கிற பக்கம் நகரவில்லை. இறுகுகிற பக்கம் நகர்ந்திருக்கிறது. எந்த எஞ்சினும் அதிர்ந்து அதிர்ந்து தன் போல்ட்டைத் தானே இறுக்கிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. முதலில் நினைத்தேன், கோட்டையே கோணலாகத்தான் போட்டிருப்பேன், இந்தக் கையை நம்பி எதைச் சொல்வது. ஆனால் கோணலாகப் போட்டாலும் கோடு ஒட்டிக்கொண்டுதானே இருக்கும், இப்படித் துண்டாகி விரலகலம் தள்ளி நிற்காது. அப்படியானால் கோடு போட்டபிறகு யாரோ முறுக்கியிருக்கிறார்கள். இந்த வீட்டில் ஸ்பேனரைத் தொடுகிற ஆள் நான் ஒருவன்தான். நான் முறுக்கியிருக்கிறேன். எப்போது? திங்களா, செவ்வாயா, வேலையிலிருந்து வந்த பிறகா? ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வரவில்லை என்பதை நினைத்ததும் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, மாசி வெயிலுக்கு அல்ல. அப்பாவுக்கும் கையில்தான் ஆரம்பித்தது. பஸ்ஸில் கண்டக்டர். ஒரு டிக்கெட் கிழிக்கப் போனால் இரண்டாகக் கிழிந்து வந்தது, ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். கை ஆடுகிறது என்று டிப்போவுக்குள் உள்வேலைக்கு மாற்றினார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பிட்ட பத்து நிமிஷத்தில் மறுபடி தட்டைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். கடைசி வருஷம் என்னை, தம்பி எந்த ஸ்டாப்புல இறங்கோணும் என்று கேட்டார். கை போனால் போகட்டும், கை போனவர்கள் எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள். தலை போனால், நான் என்ன செய்தேன் என்பதையே இன்னொருவர் வந்து சொல்லவேண்டிய நிலைமை. முறுக்கினதை மறந்து மறுபடி முறுக்கி, அதையும் மறந்து இன்னொரு தடவை முறுக்கி, நானே உட்கார்ந்து என் பெண்டாட்டியை அந்தப் பால் வண்டிக்கு முன்னால் தள்ளியிருக்கிறேன் என்று தோன்றுகிறது. தோன்றினதைத் தள்ளிவிட்டால் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அங்கேயே நிற்கிறது.

சரி, வேலையைப் பார். தகட்டின் ஓட்டையை ராவியாகிவிட்டது, எஞ்சின் கீழே இறங்கிவிட்டது, பலகையில் குப்புறக் கிடக்கிறது, நான்கு ஓட்டையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு. ட்ரில்லில் பிட்டைப் பொருத்தினேன். ஓட்டை முழுதாகத் துளைத்துக்கொண்டு போகிற ஓட்டை இல்லை, அடியில் இரண்டு எம்.எம். சுவர் இருக்கிறது, அதற்குள்ளேதான் எஞ்சின் சுழல்கிறது. பிட் அதையும் தாண்டிவிட்டால் எஞ்சின் காயலாங்கடைக்குத்தான். அதனால் எவ்வளவு ஆழம் போகலாம் என்று பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்தேன். சுற்றுகிறபோது டேப் என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது, மூன்று தடவை. ஆழத்தைவிடப் பயம் சாய்வுதான். ஓட்டை ஒரு நூல் சாய்ந்தாலும் மரை சாயும், மரை சாய்ந்தால் போல்ட்டின் தலை ஒரு ஓரத்தில்தான் உட்காரும், ஒரு மாதம் நன்றாக இருக்கிற மாதிரி காட்டிவிட்டு ஒருநாள் மேம்பாலத்தில் விட்டுவிடும். எதற்கும் முதலில் ஒரு பழைய அலுமினியக் கட்டையில் போட்டுப் பார்க்கலாம் என்று போட்டேன். வேலையில் வைத்தால் கை அடங்கிவிடும், இத்தனை நாள் அப்படித்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. பாதி ஆழம் வரைக்கும் அடங்கித்தான் இருந்தது, பிறகு நடுவில் ஒரு துடிப்பு. ஓட்டையில் போல்ட்டைச் சொருகிப் பார்த்தால் குடிகாரன் மாதிரி நிற்கிறது. இரண்டாவதும் சாய்ந்தது. மூன்றாவதுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன், அது இன்னும் மோசம். மகுடீஸ்வரன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவன் ஷெட்டில் தரையில் நிறுத்திவைத்து ஓட்டை போடுகிற மிஷின் இருக்கிறது, கைப்பிடியை இறக்கினால் நூல் பிடித்த மாதிரி இறங்கும். ஒரு போன் போட்டால் வாங்கண்ணா என்பான். ஆனால் ஏன் என்று கேட்பான். கேட்காவிட்டாலும் பார்ப்பான், கண்ணாடி போட்டிருந்தாலும் கழுகுக் கண் அவனுக்கு. அவன் நல்லவன், யாரிடமும் சொல்லமாட்டான், அதுதான் பிரச்சினை. சொல்லாமல் எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு பக்கத்து மேசையில் நிற்பான், நான் முறுக்கின போல்ட்டை நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பான். இன்னும் பதினொரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. களைப்பாக இருக்கிறது. தூக்கமில்லாத களைப்பு இல்லை. ஒரு கையை மற்ற எல்லோரிடமிருந்தும் ஒளித்து வைத்துக்கொண்டு நடமாடுகிற களைப்பு. பஸ்ஸில் பாக்கெட்டுக்குள், சாப்பிடும்போது மேசைக்கு அடியில், படுக்கும்போது தொடைக்கு அடியில். எஞ்சினைப் பார்க்கிறேன், ட்ரில்லை எடுக்கிறேன், கீழே வைக்கிறேன். மணி இரண்டே முக்கால்.

கதவு திறந்த சத்தம். துளசிமணி டீயோடு சமையல்கட்டு வாசலில் நின்றாள். தூங்கின முகம் இல்லை. சாக்குக்குப் பக்கத்தில் மூன்று கோணல் ஓட்டையோடு கிடந்த அலுமினியக் கட்டையைக் காலால் நகர்த்தினேன், அவள் அதற்குள் பார்த்துவிட்டாள்.

"இன்னும் ஆகலைங்களா?"

"ஆயிரும். நீ போய்ச் சித்த நேரம் படு."

அவள் போகவில்லை. டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, துவைக்கிற கல்லில் கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டினாள். எஞ்சினைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது தானாக வெளியே வந்துவிட்டது.

"துளசி, இந்த போல்ட்டையெல்லாம் யாரோ முறுக்கியிருக்காங்க. நானே முறுக்கிப்போட்டு மறந்துட்டனோ என்னமோ. அப்பாவுக்கு ஆன மாதிரி."

அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசிக்கிறபோது கீழுதடு உள்ளே போகும், போயிற்று.

"நீங்க ஒண்ணும் மறக்கலைங்க. நாந்தான் முறுக்குனேன்."

"நீயா?"

"தெனமும் காத்தாலைக்கு ஒரு தடவை முறுக்கிப் பாத்துட்டுத்தான் வண்டி எடுப்பேன். செல்லுல லைட்டைப் போட்டு வாயில கவ்விக்குவேன். போன ஞாயித்துக்கிழமை நீங்க வண்டிக்கு முன்னாடி அத்தன நேரம் உக்காந்து கோடு போட்டீங்களா, பாத்ததும் எனக்குப் பயமாப் போச்சுங்க. அதான் திங்கட்கிழமை ஸ்பேனர் பிடியில நீளப் பைப்பைச் சொருகி நல்லா இழுத்துட்டேன். நீங்க அப்படித்தான பண்ணுவீங்க."

அது துருப்பிடித்த நட்டுக்கு. அலுமினியம் வெண்ணெய் மாதிரி, அதில் போய்ப் பைப்பைச் சொருகி இழுத்தால் மரை என்ன ஆகும். முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கம் கெட்ட சந்தோஷம். என் தலை சரியாக இருக்கிறது, நான் எதையும் மறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை கோடு போட்டவன் ஞாயிற்றுக்கிழமை கோடு போட்டதோடு நிறுத்தியிருக்கிறேன். விடிகாலையில் டிங் டிங்கென்று கேட்கிற சத்தத்தை அவள் பாத்திரம் எடுக்கிறாள் என்று நினைத்துப் புரண்டு படுத்திருக்கிறேன். அதன்பிறகுதான் மற்றது உறைத்தது. தினமும். இருட்டில், வளையாத முழங்காலை வளைத்துத் தகட்டுக்கு அடியில் குனிந்து, நான் இறுக்கினதை இவள் மறுபடி இறுக்கியிருக்கிறாள்.

"எப்ப இருந்து?"

"ஆடியில இருந்துங்க."

ஆடி. மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். நான் என் விரலைப் பார்த்தது கார்த்திகையில். அதற்கு நாலு மாதம் முன்னால்.

"ஆடியில எனக்கு ஒண்ணும் இல்லியே."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"பதினெட்டுக்கு எனக்குத் தாலிக்கயிறு மாத்துனீங்களே. அத்தை போனதுக்கப்பறம் நீங்கதான கட்டறீங்க. அன்னைக்குப் பின்னாடி நின்னு ரொம்ப நேரம் என்னமோ பண்ணிட்டே இருந்தீங்க. நானும் குனிஞ்சுட்டே நின்னேன். அப்பறம் ஆச்சுன்னு சொல்லிப்போட்டுக் கை கழுவப் போயிட்டீங்க. நான் வெளக்கேத்தக் குனிஞ்சேன், கயிறு மடியில வந்து விழுந்துச்சுங்க. முடிச்சே விழுகலை."

பக்கத்து வீட்டில் பட்டிமன்றம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பறம்?"

"அப்பறம் என்னங்க. நானே போட்டுக்கிட்டேன்."

அன்றைக்கு நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயசம் சாப்பிட்டேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டுக்கூட வாங்கினேன். அவள் ஊற்றினாள். தன் கழுத்துக் கயிற்றைத் தானே பின்னால் கையை வளைத்து முடிந்துகொண்டு வந்து எனக்குப் பாயசம் ஊற்றியிருக்கிறாள், நான் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மாதம். நான் கையை ஒளித்துக்கொண்டு நடந்த நாளெல்லாம் அவள், நான் ஒளிக்கிறேன் என்பது தனக்குத் தெரியும் என்பதை ஒளித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். எனக்காவது ஒரு கையைத்தான் மறைக்கவேண்டியிருந்தது. கண் எரிந்தது. எதிரே அவள் இருப்பதால் துடைத்துக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது, துடைத்துக்கொண்டேன். டீ ஆறிப்போயிருந்தது, குடித்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பது இத்தனை மாதத்தில் அவள் முன்னால் இதுதான் முதல் தடவை.

"எனக்குக் கை ஆடுது, துளசி."

"ம்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தனுங்க. நான் கேட்டா நீங்க இல்லைம்பீங்க. அதுக்கப்பறம் எப்படிங்க சொல்லுவீங்க." நீட்டின காலை மெல்ல மடக்கினாள். "புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போலாம். அதுக்கு நாளைக்கு நேரத்துல வேலைக்குப் போனாத்தான் வார்டன்கிட்ட லீவு கேக்க முடியும். இப்ப இதுக்கு என்ன பண்ணோணும், சொல்லுங்க."

சொன்னேன். ட்ரில்லை நான் பிடித்துக்கொள்ள, அவள் பலகைக்கு அந்தப் பக்கம் எனக்கு எதிரில் உட்கார்ந்து, என் இரண்டு முஷ்டிமேலும் தன் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். ஹாஸ்டலில் ஐந்து படி அரிசி வேகிற அண்டாவைத் துணி போட்டுப் பிடித்து இறக்குகிற கை அது, என் கையை விடக் கனம். நாம ரெண்டு பேரும் சேந்து அழுத்தவேண்டாம், நீ நேரா மட்டும் பிடி, உன் பக்கமாச் சாஞ்சா சொல்லு என்றேன். பட்டனை அழுத்தினேன். பாதி ஆழத்தில் அந்தத் துடிப்பு வந்தது, வரும் என்று தெரியும், வந்து அவள் உள்ளங்கையில் முட்டிக்கொண்டு அங்கேயே அடங்கிப்போயிற்று. அவளுக்கு அது தெரிந்திருக்கும். டேப் சுற்றின இடம் ஓட்டை வாயைத் தொட்டதும் நிறுத்தினேன். போல்ட்டைச் சொருகிப் பார்த்தோம், நேராக நின்றது. பிறகு மரை போடுகிற டேப்பை அவளிடமே கொடுத்தேன். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், அப்போதுதான் தூள் உதிரும் என்றேன். ஒரு தடவை எங்கோ பிடித்துக்கொண்டது, பலவந்தம் பண்ணவேண்டாம் என்று சொல்வதற்குள் அவளே பின்னால் எடுத்துவிட்டாள். வெள்ளைத் தூள் மண்ணெண்ணெயில் குழைந்து மேலே வந்தது, அதை முந்தானையால் துடைக்கப் போனாள், பழந்துணியைக் கொடுத்தேன். முதல் டேப், இரண்டாவது, மூன்றாவது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் தனியாகச் செய்தால் பத்து நிமிஷம், அந்த நானாக இருந்தால். எஞ்சினைத் தூக்கித் தகட்டில் உட்காரவைத்து, மற்ற மூன்று போல்ட்டையும் கையாலேயே ஏற்றிவிட்டு, புது போல்ட்டை நான்காவதில் வைத்தேன். விரலால் திருகினாலே வழுக்கிக்கொண்டு ஏறியது, புது மரை அப்படித்தான் ஏறும். தலை தகட்டைத் தொட்டு நின்றது. இனிமேல்தான் இறுக்கவேண்டும். ஸ்பேனரை எடுத்தேன், அவளிடம் கொடுத்தேன்.

அவள் காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு குனிந்து, ஸ்பேனரை மாட்டி இழுத்தாள். கால் சுற்று. பிறகு இன்னொரு கால் சுற்று, இது மெதுவாக. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போதுங்களா?"

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், நான் கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொல்லியிருக்கிறேன். கையை நீட்டினேன். ஸ்பேனர்மேல், அவள் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரும்பு ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியல, துளசி. உனக்கு எப்படி இருக்குது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்பேனரை ஒரு துளி இழுத்துப் பார்த்தாள், விட்டாள்.

"போதும்னு இருக்குதுங்க."

"அப்பப் போதும். விட்டுரு."

மற்ற மூன்றையும் அவளையே இறுக்கச் சொன்னேன்.